கூடவே வந்த மூடி

ஜனவரி 11

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, வாய்க்கும் குறையில்லை. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? பெரியவனுக்கு இருமல் நின்றதா? சின்னவள் இப்போதாவது தானாகத் தலை வாரிக்கொள்கிறாளா?

ஏவுதளம் என்றால் பெரிய இடம் என்று நினைத்துவிடாதே. ஒரு கம்பி வேலி, நாலு தகரக் கொட்டகை, ராக்கெட்டை நிறுத்த ஓர் இரும்புத் தூண், மீதியெல்லாம் காற்று. என் அறையில் கதவைச் சாத்தினால் ஜன்னல் திறந்துகொள்கிறது, ஜன்னலைச் சாத்தினால் கதவு திறந்துகொள்கிறது. இரண்டும் பேசிவைத்துக்கொண்டு செய்கின்றன. போன் அலுவலக வேலைக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். நமக்குத் தபால்தான் கதி.

"சித்தி என்ன வேலை செய்யறா?" என்று சின்னவள் கேட்டாளாமே. அவளுக்கு இப்படிச் சொல். சூடு உள்ள எல்லாமே ஒளி விடும். அடுப்பும் விடும், பூனையும் விடும், அவளும் விடுவாள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளிக்கு அகச்சிவப்பு என்று பெயர். நட்சத்திரங்களுக்கு நடுவில் கிடக்கும் குளிர்ந்த தூசியும் அப்படித்தான் மங்கலாக ஒளிர்கிறது. ஆனால் அது அகச்சிவப்பின் கடைக்கோடி, தூர அகச்சிவப்பு. காற்றில் இருக்கிற ஈரம் அதைத் தரைக்கு வரவிடாமல் குடித்துவிடும். அதனால் சித்தி ஒரு தொலைநோக்கியைப் பெரிய பிளாஸ்கில் வைத்து ராக்கெட்டில் அனுப்புகிறாள். காற்றுக்கு மேலே போனதும் மூடி கழன்று விழும். சில நிமிஷம் வானத்தைக் கோடு கோடாகத் துடைத்துப் பார்த்துவிட்டுப் பாராசூட்டில் கீழே வந்துவிடும். தொலைநோக்கியே சூடாக இருந்தால் தன் ஒளியைத் தானே பார்த்துக்கொண்டிருக்குமே, அதற்காகத்தான் பிளாஸ்கில் திரவ ஹீலியம். இதெல்லாம் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது நீதான் என்பதையும் சொல்.

இயக்குநர் நேற்று என்னைக் கூப்பிட்டுப் பேசினார். இந்த முதல் ராக்கெட் ஒழுங்காகப் போனால் இரண்டாவது ராக்கெட்டின் கருவி முழுக்க என் பொறுப்பாம். தலைமைப் பொறியாளர் என்று என் பெயர்தான் போடுவார்களாம். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அக்கா, எனக்கு வேறு எதுவும் வேண்டாம், இது மட்டும் கிடைத்தால் போதும்.

இந்த ராக்கெட் திட்டத்தின் விஞ்ஞானியாக அத்தான் அனுப்பிய போன அறிக்கையைப் படித்தேன். பக்கத்துக்கு நாலு 'ஆகையால்'. எழுதியது உன் கைதான் என்று யாரும் சொல்லவே வேண்டாம்! அவருக்குக் கணக்கு வரும், வாக்கியம் வராது. நீ இல்லாவிட்டால் அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் யாருக்கும் அவர் சொல்வது புரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சுண்டு

*

ஜனவரி 27

என் சுண்டுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை நினைத்துத்தான் கவலை. கதவும் ஜன்னலும் திறந்த அறையில் படுத்துக் காய்ச்சலை இழுத்துக்கொள்ளாதே. ஒரு மடித்த அட்டையைச் செருகினால் நிற்கும். இதற்கும் பொறியியல் படிக்க வேண்டுமா?

பெரியவனுக்கு இருமல் நின்று சளி பிடித்திருக்கிறது. சின்னவள் பூனையின் வெளிச்சத்தைப் பார்க்கிறேன் என்று விளக்கை அணைத்துவிட்டு அதன் வாலை மிதித்தாள். கையில் மூன்று கீறல்.

உன் தலைமைப் பொறியாளர் சேதி கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. அடுக்களையில் இரண்டு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

இவர் நீங்கள் அனுப்பிய சோதனைப் பதிவுகளைப் பார்த்துவிட்டு நேற்று சாப்பிடும்போது சொன்னார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மூடி திறக்கறப்போ ஸ்பிரிங் உதைக்கிற உதையில ஒளியைப் பிடிக்கிற உணரி எல்லாம் ஆடிப்போகுது. முதல் நிமிஷம் பூரா வீணு. சுண்டுகிட்ட சொல்லு, மெல்லிசா ஒரு ஸ்பிரிங் போடட்டும். ஆபீஸ் காகிதமா அனுப்பினா ஏழு மேசை ஏறி இறங்கும், அதுக்குள்ள ராக்கெட்டே போயிடும்." நான் தபால்காரி, அவ்வளவுதான். உனக்கு எது சரியோ அதைச் செய்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

நலம். அட்டை செருகினேன், கதவு அடங்கிவிட்டது. தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். பூனை நலமா?

ஸ்பிரிங் விஷயத்தை இரண்டு வாரம் மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். பழைய ஸ்பிரிங் போட்டால் மூடி 'படார்' என்று பறக்கும். மெல்லியது போட்டால் மரியாதையாக எழுந்து போகிறது. உணரிகள் ஆடவில்லை, அத்தான் சொன்னது வாஸ்தவம்தான். மெல்லியதையே மாட்டிவிட்டேன். என்றாலும் கோப்பில் வைக்க அவரிடமிருந்து ஒரு வரி காகிதம் வேண்டும். அப்புறமாக வந்தாலும் பரவாயில்லை, மறக்காமல் அனுப்பச் சொல். அவர் இல்லாமல் வேறு யார் சொல்லியிருந்தாலும் காகிதம் இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடத் தொட்டிருக்க மாட்டேன்.

எல்லோருக்கும் என் அன்பு.

சுண்டு

*

மார்ச் 9

அக்கா, அக்கா, அக்கா,

நலம் விசாரிப்பெல்லாம் அடுத்த வரியில். போய்விட்டது! நேற்றுக் காலை ராக்கெட் போய், வானத்தைப் பார்த்து, திரும்பியும் வந்துவிட்டது. கிளம்பும்போது நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். பாராசூட்டோடு கருவி ஒரு புதரில் உட்கார்ந்திருந்தது, பிளாஸ்கில் ஒரு நசுங்கல்கூட இல்லை. இயக்குநர் என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

இப்போது விசாரிக்கிறேன். எல்லோரும் சுகமா? பதிவு நாடாக்கள் அத்தானுக்கு வருகின்றன. சாப்பிட விட்டுவிட்டு அப்புறம் கொடு, இல்லாவிட்டால் தட்டைத் தொட மாட்டார்.

ஆனந்தத்தில் மிதக்கும் உன் சுண்டு

*

மார்ச் 28

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். நீ மிதந்தது போதும், இறங்கிச் சாப்பிடு.

இந்த வீட்டில் இப்போது தரையில் நடப்பவள் நான் ஒருத்திதான். உன் நாடாக்களில் என்ன இருந்தது தெரியுமா? யாரும் இதுவரை பார்க்காத ஒரு மேகம். வெறும் இருட்டு என்று எல்லோரும் நினைத்திருந்த இடத்தில் ஒரு பெரிய, பிரகாசமான தூசி மேகம். இவர் குளியலறையில் பாடுகிறார், சுண்டு. கல்யாணமாகி இத்தனை காலத்தில் இவருக்குப் பாட்டு வரும் என்று எனக்குத் தெரியாது. வருகிறது என்றும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு கோட்டிலும் மேகம் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து தெரிந்ததாம். ராக்கெட் எந்தப் பக்கம் பார்த்தது என்கிற கணக்கில்தான் பிழை என்று கண்டுபிடித்து, கோடுகளை நகர்த்தி, மேகத்தை ஒன்று சேர்த்திருக்கிறார். கட்டுரை தயாராகிறது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். 'ஆகையால்' குறைத்திருக்கிறேன், உன் வாய்க்குப் பயந்து.

உன் கருவியால் வந்த பெருமை இது. உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அக்கா

*

ஏப்ரல் 6

அன்புள்ள அக்கா,

நான் சௌக்கியம். அங்கே எல்லோரும் சௌக்கியம்தானே? பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டிருப்பார்கள், உன் பாடு திண்டாட்டம்தான்.

இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். முதலில் உட்கார்ந்துகொள்.

அந்த மேகம் மேகம் இல்லை என்று நினைக்கிறேன். அது நம் மூடி.

நாடாவின் நகல் இங்கேயும் ஒன்று இருக்கிறது. அத்தான் சொன்ன அளவுக்கே கோடுகளை நகர்த்திப் பார்த்தேன். மேகம் ஒன்றாகிவிடுகிறது, சரி. ஆனால் அதே நாடாவில் செவ்வாய்க் கிரகமும் இருக்கிறது. கோடுகளை நகர்த்தினால் செவ்வாய் இரண்டாகிவிடுகிறது. நகர்த்தாமல் விட்டால் செவ்வாய் ஒன்றுதான், மேகம்தான் கலைகிறது. வானத்தில் இருக்கிற பொருள் ஒவ்வொரு கோட்டிலும் இடம் மாறாது அக்கா. நம் பக்கத்தில் இருக்கிற பொருள்தான் மாறும். அதோடு கோட்டுக்குக் கோடு அது மங்கிக்கொண்டே போகிறது.

மூடி மெல்லிய ஸ்பிரிங்கில் மெதுவாகத்தான் கழன்றது. அங்கே அதைப் பின்னுக்கு இழுக்கக் காற்று கிடையாது. ராக்கெட் போகிற வேகத்தில் அதுவும் கூடவே போகும். 'வரேன், வரேன்' என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருக்கும் விருந்தாளி மாதிரி, அது போகாமல் நம் பக்கத்திலேயே நின்றிருக்கிறது. அதன் மேல்பக்கம் உறையவில்லை. உறைந்த தொலைநோக்கிக்கு அது நெருப்புக் கோளம். ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் திரும்பும்போதும் அதைப் பார்த்திருக்கிறது. நாம் கண்டுபிடித்தது நம் சட்டி மூடியைத்தான்.

சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. யார் மேலும் குற்றம் இல்லை. ஸ்பிரிங் அவர் சொன்னது, மாட்டியது என் கை. முதல் தடவை செய்பவர்களுக்கு இதெல்லாம் நடக்கும். கட்டுரை வெளியே போவதற்கு முன்னால் நிறுத்திவிட்டால் போதும், அடுத்த ராக்கெட்டில் சரிசெய்துவிடலாம். நான் அலுவலகம் மூலமாக எழுதினால் எல்லோர் முன்னாலும் அவருக்குத் தலைகுனிவு. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். அவர் பாடி முடித்த ஒரு நல்ல நேரம் பார்த்து எடுத்துச் சொல். உடனே பதில் போடு.

அந்த ஒரு வரிக் காகிதமும் இன்னும் வரவில்லை.

சுண்டு

*

மே 4

அன்புள்ள அக்கா,

நலம். உன்னிடமிருந்து ஒன்றும் வராததால் உடம்புக்கு என்னவோ என்று பயமாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஏதாவதா?

மேகத்தைப் பற்றிப் பத்திரிகையில் பார்த்தேன். அத்தானின் படமும் போட்டிருந்தார்கள். சட்டை நீ எடுத்துக் கொடுத்ததுதானே. கட்டுரை போய்விட்டதா அக்கா? நான் எழுதியதை அவரிடம் சொன்னாயா? இரண்டு வரி போதும்.

சுண்டு

*

மே 30

என் சுண்டுவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. சின்னவளுக்கு அம்மை போட்டு, அவள் எழுந்ததும் பெரியவனுக்குப் போட்டது. வீடே ஆஸ்பத்திரியாக இருந்தது. இப்போது இரண்டும் தேறிவிட்டன. நான் மட்டும் இளைத்திருக்கிறேன் என்கிறார்கள். நீ நன்றாக இருக்கிறாய் அல்லவா?

உன் பழைய நீலப் போர்வையைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை தைத்துவிட்டேன். கேட்காமல் செய்ததற்கு மன்னித்துக்கொள். எதிர்வீட்டுக்காரர்கள் பால்கனியில் புதிதாக ஒரு கிளி வைத்திருக்கிறார்கள். விடிந்தால் அதன் கச்சேரிதான். இவருக்குக் கூட்டம் மேல் கூட்டம், பேட்டி மேல் பேட்டி. பாவம், தூக்கமே இல்லை.

மூடி பற்றி எழுதியிருந்தாய். சமயம் பார்த்துச் சொல்கிறேன்.

அக்கா

*

ஜூலை 19

அக்கா,

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. பிள்ளைகள் நலம்தானே.

வேறொரு குழு தங்கள் ராக்கெட்டில் அதே இடத்தைப் பார்த்ததும், அங்கே ஒன்றுமே இல்லை என்று அவர்கள் எழுதியதும் உனக்குத் தெரியும். விசாரணைக் குழு போட்டதும் தெரியும். அந்தக் குழுவுக்கு அத்தான் கொடுத்த விளக்க அறிக்கை போன வாரம் இங்கே வந்தது. இயக்குநர் என்னைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். நின்றுகொண்டே படித்தேன்.

மேகம் உண்மையில் கருவியின் மூடிதான் என்பதை அத்தான் 'மறுஆய்வில் தாமே கண்டறிந்தார்' என்று இருக்கிறது. செவ்வாய் இரண்டாகிப் போவதுகூட இருக்கிறது. கருவியை அமைத்தவர் 'யாருடைய ஒப்புதலும் இன்றித் தாமாகவே' ஸ்பிரிங்கை மாற்றியதே காரணம் என்று இருக்கிறது. தாமாகவே! இதைக்கூடப் பொறுத்திருப்பேன். பெரிய மனிதர்கள் மாட்டிக்கொண்டால் சின்னவர்கள் தலையில் கட்டுவது உலக வழக்கம் என்று விட்டிருப்பேன்.

ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம். 'விடைபெற்ற பின்னும் வாசலை விட்டு அகலாத விருந்தாளியைப் போல மூடி கருவியின் அருகிலேயே தங்கியது, ஆகையால்...'

அந்த விருந்தாளியை நான் ஒரே ஓர் ஆளுக்குத்தான் எழுதினேன்.

இயக்குநர் கேட்டார், "ஏம்மா அழறே? தப்பு செய்யாதவங்க யாரு?" அவரிடம் நான் என்ன சொல்வது? என் அக்காவின் தமிழைப் படித்து அழுகிறேன் என்றா?

அத்தானுக்கு வாக்கியம் வராது. என்னை மாட்டிவிட்டது அவராகவே இருக்கட்டும், என் கழுத்தை அறுத்த வரிகளை எழுதியது உன் கை. எப்படி அக்கா முடிந்தது? 'தாமாகவே' என்று எழுதும்போது, ஜனவரியில் நீயே எழுதிய கடிதம் நினைவுக்கு வரவே இல்லையா? அவர் மிரட்டினாரா? அழுதாரா? எதுவாக இருந்தாலும் எனக்கு ஒரு வரி முன்னாலேயே எழுதியிருக்கலாமே. அம்மை, கிளி, ஜன்னல் திரை எல்லாம் எழுத இடம் இருந்ததே.

இரண்டாவது ராக்கெட் என் கையை விட்டுப் போய்விட்டது. என்னைப் பண்டகசாலைக்கு மாற்றிவிட்டார்கள். நான் கட்டிய பிளாஸ்கை இன்று ஒரு புது ஆள் என் கண் முன்னால் பிரித்துக்கொண்டிருந்தார்.

உன் ஜனவரிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. அதை விசாரணைக் குழுவுக்கு அனுப்பப் போகிறேன். உன்னிடம் சொல்லாமல் செய்யக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அந்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை, உனக்காவது கிடைக்கட்டும்.

சுண்டு

*

ஜூலை 26

சுண்டு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தைப் படித்த பிறகு நான் நலம் இல்லை.

உன் காலில் விழுந்து கேட்கிறேன், அனுப்பாதே. ஸ்பிரிங்கை மாற்றச் சொன்னது இவர்தான் என்று தெரிந்தால் இவர் பதவி போய்விடும். மேகமும் போய், பதவியும் போய், இந்த மனிதர் எதை வைத்துக்கொண்டு நடமாடுவார்? பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வார்கள்? நீ தனி ஆள், இளவயசு, கெட்டிக்காரி. எங்கே போட்டாலும் முளைத்துவிடுவாய். கொஞ்ச நாள் பொறுத்தால் எல்லாம் மறந்துபோகும். நானே இவரிடம் சொல்லி உனக்கு நல்லது செய்யச் சொல்கிறேன்.

குடும்பத்துக்குள் எழுதிக்கொண்டதை ஊர் முன்னால் வைப்பது அழகா?

உன் அக்கா

*

அக்டோபர் 24

சுண்டுவுக்கு,

நலமா என்று கேட்கிறேன். பதில் வராது என்று தெரிந்தும் கேட்கிறேன். பிள்ளைகள் நலம். சித்தி ஏன் எழுதுவதில்லை என்று சின்னவள் கேட்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் பக்கம் தீர்ப்பாகவில்லை என்ற சேதி உனக்கு வந்திருக்கும். நீ அனுப்பிய ஜனவரிக் கடிதத்தைப் பார்த்து விசாரணைக் குழு எங்கள் இருவரையும் கூப்பிட்டது. அன்று அந்த அறையில் என்ன நடந்தது என்பதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இவர் அடுத்த மாதம் ஏவுதளத்துக்கு வருகிறார், உன்னைப் பார்த்துப் பேச வேண்டும் என்கிறார். அவர் வாயால் நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

நீண்ட மேசை. எனக்குப் போட்ட நாற்காலி தாழ்வு, மேசை மோவாய்க்கு வந்தது. குழுத் தலைவர் என் கடிதத்தை எடுத்து வைத்து, "இது உங்க கையெழுத்தாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். "இதுல இருக்கிறது உங்க வீட்டுக்காரர் சொன்னதுதானா?" என்றார். பக்கத்தில் இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச வாயெடுத்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இல்லைங்க. அவர் பொதுவா ஏதோ பேசிட்டிருந்தாரு. நானாத்தான் அப்படி எழுதிட்டேன்" என்றேன்.

தலைவர் சிரித்துவிட்டார். "அப்ப அக்கா சொல்லி, தங்கச்சி ராக்கெட்டை மாத்தியிருக்காங்க. நல்ல குடும்பம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பஸ்ஸில் வரும்போது இவர் கேட்டார். "நான்தான் சொன்னேன்னு ஒத்துக்கணும்னுதான் இன்னைக்கு வந்தேன். நீ ஏன் அப்படிச் சொன்னே?" அன்றிலிருந்து இவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இவர் மிரட்டினாரா என்று நீ கேட்டிருந்தாய். இல்லை. உன் ஏப்ரல் கடிதத்தை இவரிடம் நான் காட்டவே இல்லை. மேகத்தைப் பார்த்து இவர் பாடிக்கொண்டிருந்தார், நான் அந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தேன். அதை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. அந்த இன்னொரு குழு சொன்ன பிறகு இவர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோது, "மூடியா இருக்குமோ?" என்று நானே யோசித்த மாதிரி சொன்னேன். செவ்வாயையும் சொன்னேன். இவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ படிச்ச படிப்பு வீண் போகலை" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. நான் பாதியில் விட்ட படிப்பை நீ எடுத்துக்கொண்டு போனாய். உன் பெயர் கருவியில் இருக்கிறது, இவர் பெயர் கட்டுரையில் இருக்கிறது. இரண்டு பேருக்கும் எழுதிக்கொண்டிருக்கும் என் பெயர் எதிலும் இல்லை.

'தாமாகவே' என்ற வரியும் நான் எழுதியதுதான். இவர் அதைப் படித்துவிட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "இது வேணுமா?" என்றார். வேணும் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

விருந்தாளி வாக்கியத்தை எடுத்திருக்கலாம். நன்றாக இருந்தது, எடுக்க மனசு வரவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும், கேட்க வெட்கமாகவும் இருக்கிறது. இரண்டாவது ராக்கெட்டின் பிளாஸ்கில் ஹீலியம் நிற்கவே மாட்டேன் என்கிறதாம். ஊற்றிய அரை நாளில் ஆவியாகிவிடுகிறதாம். புது ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. இவரும் உன்னிடம் எந்த முகத்தோடு கேட்பது என்று தவிக்கிறார். உனக்குத் தெரிந்திருந்தால் எனக்கு எழுது. நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அக்கா

*

நவம்பர் 3

அக்கா,

உன் கடிதம் வந்தது.

பிளாஸ்கின் இரண்டு சுவருக்கும் நடுவில் பளபளப்புத் தாளைச் சுற்றுவோமே, அதை இறுக்கிச் சுற்றிவிட்டார்கள். அடுக்குகள் ஒன்றையொன்று தொட்டால் அந்த வழியாகச் சூடு உள்ளே இறங்கிவிடும். பிரித்து, தளர்வாகச் சுற்றினால் ஹீலியம் நிற்கும். பண்டகசாலை ஜன்னலிலிருந்து பார்த்தபோதே எனக்குத் தெரிந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. இன்று காலை இதை அத்தானுக்கு அவருடைய அலுவலக முகவரிக்கு எழுதி, நகலை இயக்குநருக்குக் கொடுத்துவிட்டேன். இனிமேல் அவருக்கு நான் சொல்ல வேண்டியதை அவருக்கே சொல்வேன். நடுவில் நீ வேண்டாம்.

இத்தனை மாதமும் நான் அத்தான் மேல் கோபமாக இருந்தேன். என் அக்காவை ஆட்டிவைத்துவிட்டார், அவளை எழுதவைத்துவிட்டார், 'அனுப்பாதே' என்று என்னிடம் கெஞ்சவைத்துவிட்டார் என்று தினமும் அவரைத் திட்டிக்கொண்டே பண்டகசாலையில் போல்ட்டுகளைத் தரம் பிரித்தேன். அந்தக் கோபம் எவ்வளவு சுகமாக இருந்தது என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிகிறது.

உன் பெயர் எதிலும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். என் ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியில் இருந்ததே அக்கா.

சின்னவளுக்கும் பெரியவனுக்கும் தனியாக எழுதுவேன்.

நேற்று உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போல் இருந்தது. காகிதத்தை எடுத்து, பேனாவைத் திறந்து, 'அன்புள்ள அக்கா, எனக்கு என்ன நடந்தது தெரியுமா' என்று எழுதிய பிறகுதான் யாருக்கு எழுதுகிறேன் என்பது உறைத்தது.